அப்பாவின் விசைப்பலகை

அக்டோபர் 11, 2025, சனி

வரும் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிகிறது. அப்பாவின் கணினி 2016-இல் வாங்கியது, ஆறாம் தலைமுறை இன்டெல். விண்டோஸ் 11 அதை ஏற்காது. நன்றாக ஓடுகிற பெட்டியைத் தூக்கிப் போடச் சொல்ல மனம் வரவில்லை. லினக்ஸ் மின்ட் போடட்டுமா என்று போனில் கேட்டேன். "என் லெட்டரெல்லாம் திறக்குமா?" என்றார். வேறெதுவும் கேட்கவில்லை.

அக்டோபர் 18, சனி

தீபாவளிக்கு ஊருக்கு வந்தாயிற்று. காலையில் எதையும் தொடாமல் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். தெரு நலச் சங்கத்துக் கடிதங்கள், பிரிண்ட், ஈ.பி. பில். அம்மாவுக்கு யூடியூப். அவ்வளவுதான் அவர்கள் கணினி.

மதியம் பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓடவிட்டேன். வட்டில் எதுவும் மாறாது. பிரிண்டர் தானாகப் பிடித்துக்கொண்டது. அம்மா ஃபயர்பாக்ஸில் சமையல் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பாவின் கடிதத்தைத் திறந்தேன். பக்கம் முழுக்கப் பொருளற்ற ஆங்கில எழுத்துகள். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அப்பா ஒன்றும் பேசவில்லை; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பாமினி எழுத்துருவின் இயல்பு இது: ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவம் வரைந்திருக்கும், எழுத்துரு இல்லாவிட்டால் அடியிலுள்ள ஆங்கிலம் வெளியே வந்துவிடும். பழைய வட்டிலிருந்து பாமினியை எடுத்துப் போட்டு, லிப்ரே ஆபீஸை மூடித் திறந்தேன். அத்தனை வருடக் கடிதங்களும் தமிழாக வந்தன.

அக்டோபர் 19, ஞாயிறு

எல்லாவற்றையும் நகலெடுத்துவிட்டு மின்ட்டை நிறுவினேன். இனி எழுதுவதாவது எந்தப் போனிலும் தமிழாகவே தெரிகிற யுனிகோடில் இருக்கட்டும் என்று எனக்கு ஆசை. தமிழ்99 விசைப்பலகை முறையைப் பழகச் சொல்ல வாயெடுத்தேன். அப்பாவின் விரல்களைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். தாலுகா ஆபீசில் முப்பது வருடம் தட்டச்சு அடித்தவர். அவர் ஏன் மாற வேண்டும்? எம்17என் உள்ளீட்டுத் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99, இன்ஸ்கிரிப்ட் வரிசையில் பழைய தட்டச்சு முறையும் இருக்கிறது. அதை வைத்துக் கொடுத்தேன். முதல் வரியைத் திரையைப் பார்க்காமலே அடித்தார்.

நவம்பர் 2, ஞாயிறு

அப்பா போன் செய்தார். தெருவிளக்கு மனுவை அடித்துச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினாராம். முன்பெல்லாம் அனுப்பினால், "எழுத்து தெரியல, பிரிண்ட் எடுத்துக் கொண்டு வாங்க" என்பாராம் அவர். இந்த முறை பஸ்ஸில் போகும்போதே போனில் படித்துவிட்டு, இரண்டாம் பத்தியில் ஒரு ஒற்று விட்டுப்போனதைச் சொல்லியிருக்கிறார்.