ஆம்பியர் பார்க்கும் மெக்கானிக்குகள்

அமெரிக்காவில் பிக்கப் வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் பயண டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றுக்கு மின்பிரேக்தான். படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் அடங்கிய அந்தச் சக்கர வீடு இரண்டு மூன்று டன் எடை இருக்கும். முன்னால் போகும் வண்டியின் பிரேக்கை மட்டும் நம்பி அதை நிறுத்த முடியாது. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு, அதாவது சுமார் 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் சட்டப்படி கட்டாயம். இண்டியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரம் இந்த வண்டிகள் செய்யும் தொழிலுக்குத் தலைநகர். பழுது பார்ப்பவர்களோ நாடெங்கும் இருக்கிறார்கள். வேனில் கருவிகளை ஏற்றிக்கொண்டு, டிரெய்லர் நிற்கும் முகாம் மைதானத்துக்கே போய் வேலை முடித்துத் தருபவர்களும் பலர்.

இந்த பிரேக்கின் வேலை முறை கொஞ்சம் விசித்திரமானது. ஓட்டுநர் பெடலை மிதித்ததும், இழுக்கும் வண்டியில் உள்ள கன்ட்ரோலர் நீல வயர் வழியாக 12 வோல்ட் மின்சாரத்தைத் துடிப்புத் துடிப்பாக அனுப்பும். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு மின்காந்தம் உண்டு. மின்சாரம் வந்ததும் அது சுழலும் டிரம்மின் உள்முகத்தில் ஒட்டிக்கொள்ளும். டிரம் அதைத் தன்னோடு இழுக்கும். காந்தத்தைத் தாங்கும் நெம்புகோல் திரும்பி, இரண்டு பிரேக் ஷூக்களையும் விரித்து டிரம்மில் அழுத்தும். நெம்புகோலைத் திருப்பும் பலத்தைத் தருவது சக்கரத்தின் சுழற்சி. ஆகவே நிற்கும் டிரெய்லரில் காந்தம் உறுமுவதைக் கேட்டுவிட்டு பிரேக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக்கூடாது. மின்சாரம் வருகிறது என்பதற்கு மட்டுமே அது சான்று. சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிவிட்டு, பிறகு மின்சாரம் கொடுத்துத்தான் பிடிப்பைப் பார்க்கவேண்டும்.

பிரேக் பிடிக்கவில்லை என்ற புகார்தான் அதிகம். அனுபவமுள்ள மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றுவதற்கு முன், டிரெய்லரை இழுக்கும் வண்டியோடு இணைக்கும் ஏழு முனை பிளக்கைப் பார்ப்பார். நீலம் பிரேக்குக்கு, வெள்ளை எர்த்துக்கு. மழையும் சாலை உப்பும் பட்டு அந்த முனைகளில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். பழுதின் பெரும்பங்கு இங்கேயும், எர்த் வயர் சட்டத்தில் திருகப்பட்ட இடத்திலும், அச்சுக்கு அருகே வயர்களை முறுக்கி மூடி போட்டுவிட்ட இணைப்புகளிலும்தான் இருக்கும். வண்டிக்கு அடியில் தண்ணீரும் சேறும் வாரியடிக்கும் இடத்தில், வீட்டுச் சுவருக்குள் போடுகிற மாதிரி இணைப்பைப் போட்டுவிடுவது கம்பெனியிலேயே நடக்கும் அலட்சியம். நல்ல மெக்கானிக் அதை வெட்டி எறிந்துவிட்டு, பற்றவைத்தோ கிரிம்ப் அடித்தோ, பசையுள்ள சுருங்கு குழாயால் மூடுவார்.

புதியவர்கள் ஏமாறுவது வோல்ட் மீட்டரிடம். பத்து இழைகளில் ஒன்பது அறுந்துபோன வயரிலும், சுமை இல்லாதபோது மீட்டர் 12 வோல்ட்டை முழுதாகக் காட்டும். காந்தம் மின்சாரத்தை இழுக்கும்போதுதான் அந்த வயரின் குட்டு வெளிப்படும். கன்ட்ரோலரின் துடிப்பு மின்சாரம் சாதாரண மீட்டரைக் குழப்பவும் செய்யும். எனவே நம்பத்தக்க கணக்கு ஆம்பியர்தான். 10, 12 அங்குல பிரேக்குகளின் காந்தத்துக்கு மின்தடை சுமார் 3.2 ஓம். ஒரு காந்தம் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். இரட்டை அச்சு டிரெய்லரில் நான்கு சேர்ந்து 12 ஆம்பியர். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து கன்ட்ரோலரின் கைவிசையை முழுதாகத் தள்ள, மற்றவர் நீல வயரில் நேர்மின்சாரம் அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டிப் படிப்பார். 9 வந்தால் ஒரு காந்தம் வேலை செய்யவில்லை. 6 வந்தால் பெரும்பாலும் ஓர் அச்சுக்கே மின்சாரம் போகவில்லை. 7, 8 என்று இரண்டுங்கெட்டானாக நின்றால் எங்கோ எர்த்தோ இணைப்போ கெட்டிருக்கிறது. 12-ஐ வெகுவாகத் தாண்டி ஏறினால் ஷார்ட். சுழியம் என்றால் நீல வயர் அறுந்திருக்கலாம், பிளக் தொடாமல் இருக்கலாம், கன்ட்ரோலரே செத்திருக்கலாம்.

பிளக்கைக் கழற்றி, டிரெய்லர் பக்கத்து நீலத்துக்கும் வெள்ளைக்கும் இடையே ஓம் அளப்பது இன்னொரு வழி. நான்கு காந்தங்கள் பக்க இணைப்பில் இருப்பதால் 0.8 ஓம் அளவில் வரவேண்டும். இவ்வளவு சின்ன எண்ணில் மீட்டர் வயரின் தடையே பெரிதாகத் தெரியும். முனைகளை ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அந்த அளவைக் கழித்துக்கொள்ள வேண்டும். மீட்டர் இல்லாத இடத்தில் பழைய கைகள் காந்த ஊசித் திசைகாட்டியை டிரம்மின் பின்தகட்டருகே பிடிப்பார்கள். மின்சாரம் கொடுத்ததும் ஊசி திரும்பினால் காந்தத்துக்கு உயிர் இருக்கிறது.

மிகவும் அலைக்கழிப்பது விட்டுவிட்டு வரும் ஷார்ட். ஒரு சக்கரத்திலிருந்து எதிர்ச் சக்கரத்துக்குப் போகும் வயரைப் பல டிரெய்லர்களில் அச்சுக் குழாய்க்குள் விட்டிருப்பார்கள். ஓட்டத்தில் அது இரும்பில் உரசி உரசித் தோல் தேய்ந்துபோகும். நின்றிருக்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். பள்ளத்தில் குதித்த கணத்தில் கன்ட்ரோலர் ஷார்ட் என்று காட்டும். குழாய்க்குள் கைவிட்டு மல்லுக்கட்டுவது வீண் வேலை. பழைய வயரின் இரு முனைகளையும் வெட்டிவிட்டு, கெட்டியான புது வயரை உறைக்குள் போட்டு அச்சுக்கு வெளியே கட்டுவதுதான் முறை.

மின்சாரம் சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால் டிரம்மைத் திறக்கவேண்டும். ஜாக்கியை அச்சுக்குக் கொடுத்தால் அச்சு வளைந்துவிடும். சட்டத்துக்குக் கொடுத்து, ஸ்டேண்டு வைத்து, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை போடுவார்கள். உள்ளே முதலில் தேடுவது கிரீஸை. பேரிங்குக்கு அளவுக்கு மீறி அடித்த கிரீஸ், பின்சீல் தாண்டி ஷூவில் ஏறியிருக்கும். கிரீஸ் குடித்த லைனிங்கைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். அந்தச் சக்கரம் பிடிக்காததால் வண்டி ஒருபக்கம் இழுக்கும். காந்தத்தின் முகம் சீராகத் தேய்ந்திருக்கிறதா என்று நேர்கோலை வைத்துப் பார்ப்பார்கள். கோணலாகத் தேய்ந்திருந்தாலும் உள்ளே செப்புச் சுருள் தெரிந்தாலும் புதிது போடவேண்டும், அதுவும் அதே அச்சின் இரண்டு பக்கமும். காந்தத்தின் இரண்டு வயரில் எதை எதில் கொடுத்தாலும் சரிதான். ஆனால் இடப்பக்க பிரேக்கை வலப்பக்கம் மாட்டினால் பிடிப்பு குறைந்துபோகும். பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதக்கூடாது. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

எந்தக் கோளாறும் இல்லாமல் வெறும் தளர்வால் பிரேக் மங்குவதும் உண்டு. பின்தகட்டுத் துளை வழியாக நட்சத்திரச் சக்கரத்தைத் திருகி, வீல் சுற்றவே முடியாத அளவுக்கு இறுக்கி, பிறகு லேசான உரசலோடு ஓடும்வரை தளர்த்துவது சரியான அளவு. தானே சரிசெய்துகொள்ளும் வகைகளுக்கு இது தேவையில்லை.

பிடித்த பிரேக் விடவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். உடனே சக்கரம் விட்டுவிட்டால் பழுது இழுக்கும் வண்டியில். விடாவிட்டால், டிரெய்லர் அறுந்து ஓடும்போது தானாக பிரேக் போடும் அவசரச் சுவிட்சைச் சந்தேகிக்கவேண்டும். தண்ணீர் புகுந்தால் அது டிரெய்லர் பேட்டரியிலிருந்து மின்சாரத்தைக் கசியவிடும். அதையும் துண்டித்த பின் உரசினால், அதிகமாக இறுக்கிய ஷூ அல்லது உடைந்த ஸ்பிரிங். அவசரச் சுவிட்சைச் சோதிக்க, அதில் செருகியிருக்கும் பின்னை இழுப்பதற்கு முன் ஏழு முனை பிளக்கைக் கழற்றுவது அவசியம். இல்லையேல் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து கன்ட்ரோலரைக் கெடுக்கலாம். பின்னை வெளியே நெடுநேரம் விட்டுவைத்தால் காந்தங்கள் சூடேறும்.

வேலை முடிந்ததும் காய்ந்த தார்ச்சாலையில் மணிக்கு 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, சக்கரம் இறுகி வழுக்குவதற்குச் சற்றுக் கீழே கன்ட்ரோலரின் அளவை வைக்கவேண்டும். புது ஷூ போட்ட வண்டியில், கையால் சரிசெய்யும் பிரேக்காக இருந்தால், 200 மைல், அதாவது 320 கிலோமீட்டர் ஓடிய பின் மறுபடி இறுக்கவேண்டும். அதன்பின் 3,000 மைலுக்கு ஒருமுறை.