லிஸ்பனில் கறுவா மணம்

செவ்வாய்
இரண்டு விமானம் மாறி வந்த களைப்பு. விடுதிக்குக் கீழே இருந்த கடையில் முதல் நாட்டா, முட்டைக் கஸ்டர்ட் நிரப்பிய போர்த்துக்கேயப் பலகாரம். காலையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்ததாக்கும். தோல் சவசவ என்று இழுபட்டது, கஸ்டர்ட் கட்டிபட்டிருந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் என்று மனுசி வாயால் கேட்கவில்லை, முகத்தால் கேட்டா.

புதன்
15ஆம் இலக்க ட்ராமில் பெலெம். ஜெரோனிமோஸ் மடத்துக்குப் பக்கத்துக் கடை. 1837 முதல் இதே தொழில். துறவிகளின் உடுப்புக்குக் கஞ்சி போட வெள்ளைக்கரு போகுமாம். மிஞ்சிய மஞ்சட் கருவில் பலகாரம் பிறந்தது என்று சொல்கிறார்கள். 1834இல் அரசு மடங்களை மூட, பிழைப்புக்கு விற்கத் தொடங்கியது கடையாயிற்று. செய்முறை இன்றைக்கும் இரகசியம். 'பாஸ்டெய்ஸ் டி பெலெம்' என்ற பெயர் இவர்களுக்கு மட்டும். மற்றக் கடைகளில் எல்லாம் 'பாஸ்டல் டி நாட்டா'.

வாசலில் நிற்பது கட்டிக்கொண்டு போகிறவர்களின் வரிசை. அதைப் பார்த்து மலைக்காமல் உள்ளே போனால், நீல ஓடு பதித்த அறைகளில் இடம் இருக்கிறது. பணியாள் 'கதெய்ரா' என்று காட்டியது நம்முடைய கதிரையைத்தான். கடித்தால் தோல் நொறுங்கும் சத்தம் பக்கத்து மேசைக்குக் கேட்கும். உப்பு இலேசாகத் தெரிகிறது, இனிப்பு அடக்கம்.

வியாழன்
கமோயிஸ் சதுக்கத்தருகே மன்தெய்காரியா. வெண்ணெய்க் கடை என்று பொருள். கதிரை கிடையாது, நின்றபடிதான். கண்ணாடிக்கு அப்பால் வேலை நடக்கிறது: வெண்ணெய் மடித்த மாவைப் பாய் மாதிரிச் சுருட்டி, துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் தகர அச்சில் வைத்துப் பெருவிரலால் நடுவிலிருந்து விளிம்புவரை அழுத்தி ஏற்றுகிறார்கள். அதனால்தான் வெந்த நாட்டாவின் அடியைத் திருப்பினால் நத்தையோட்டுச் சுழி தெரிகிறது. போறணைச் சூடு கடுமையானது. மேலே கருகிய புள்ளிகள் விழுவது அதனால்.

புதுத் தட்டு வெளியே வந்தால் மணி அடிக்கிறார்கள். அடித்தார்கள், இரண்டு வாங்கினோம், கோப்பியும். கஸ்டர்ட் இன்னும் தளதள. நாக்குச் சுட்டது. பக்கத்தில் கறுவாத் தூள் குப்பி. கறுவாவுக்காக எங்கள் கரைகளைப் பிடித்து, 1619இல் யாழ்ப்பாணத்தையும் விழுங்கிய போர்த்துக்கேயர், இங்கே அதைக் காசு வாங்காமல் தூவ விடுகிறார்கள். நான் மூன்று தடவை தூவினேன்.

தோலுக்குப் பெலெம், கஸ்டர்ட்டுக்கு மன்தெய்காரியா. ஒன்றைத்தான் சொல்லவேண்டும் என்றால் என் வாக்கு மணி அடிக்கும் கடைக்கு. மனுசி பெலெம் என்கிறா.

வெள்ளி
பிள்ளைகளுக்கென்று பெலெமின் நீளக் காகிதப் பெட்டியில் ஆறு. முதல் விமானம் இறங்குமுன்னே தோல் சவண்டுவிட்டது. கட்டிக்கொண்டு வராதீர்கள், அங்கேயே தின்னுங்கள்.