திரைக்கதையும் செவிக்கொடையும்

கொடைகள் பலவகைப்படும். பொருட்கொடை, அன்னக்கொடை, கல்விக்கொடை என்பனவற்றை நாம் நன்கு அறிவோம். அவற்றைப் பாராட்டும் நூல்களும் நம் மொழியில் மிகப் பல. ஆயின், ஒருவன் எழுதியதை மற்றொருவன் பொறுமையோடு அமர்ந்து கேட்பதும் ஒரு கொடையே என்பதை நம்மிற் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. இக்கொடைக்குப் பணம் வேண்டுவதில்லை. பணத்தினும் அரிதாகிய நேரம் வேண்டும். சினிமாவிற்குக் கதை எழுதப் புகும் இளைஞர்க்கு இஃது எத்துணை இன்றியமையாதது என்பதுபற்றிச் சென்ற ஓராண்டில் யான் கண்டனவும் கற்றனவும் ஆகிய சிலவற்றை நம் சஞ்சிகையின் நேயர்கள்முன் வைக்க விழைகின்றேன்.

முதற்கண், திரைக்கதை என்பது ஏனைய எழுத்துக்களினின்று வேறுபடுமாற்றை நோக்குவோம். கவிதை ஏட்டிலேயே நிறைவு பெறுகின்றது. சிறுகதையும் அத்தகையதே, அதனை அச்சிடப் பத்திரிகைகள் உண்டு, படிக்க வாசகர் உண்டு. திரைக்கதையோ, இன்னும் எழுப்பப்படாத வீட்டின் வரைபடம் போன்றது. அதனை எப்பத்திரிகையும் வெளியிடுவதில்லை. எவரும் விலை கொடுத்து வாங்கிப் படிப்பதும் இல்லை. படமாக எடுக்கப்படாவிடின் அஃது எழுதினவனுடைய பெட்டியிலேயே கிடந்து மடியும். ஆகவே, தான் எழுதிய காட்சி உயிருள்ளதா, வெறுங் காகிதமா என்று அறிந்துகொள்வதற்குப் புதிய எழுத்தாளனுக்கு ஒரே வழிதான் உண்டு. அதனைப் பிறர் கேட்கவேண்டும். கோடம்பாக்கத்திற் கதவு கதவாய்க் காத்து நிற்கும் இளைஞர் பலர் வேண்டி நிற்பதும் முதற்கண் இதுவே. ‘ஒரு மணி நேரம் என் கதையைக் கேளுங்கள்’ என்பதுதான் அவர்தம் விண்ணப்பம்.

எழுதியதைக் கேட்டல் என்னும் இவ்வழக்கு நம் நாட்டிற்குப் புதியதன்று. அரங்கேற்றம் என்று நம் முன்னோர் வகுத்தது இதுவேயன்றோ? கம்பர் தம் இராமகாதையை ஸ்ரீரங்கத்தில் அரங்கேற்றினார் என்பது வழிவழி வரும் செய்தி. தாயார் சந்நிதிக்கு எதிரே கம்பர் மண்டபம் என்ற பெயரோடு இன்றும் ஒரு மண்டபம் உளது. அரங்கேற்றத்திற்கு முன் பலரிடம் ஒப்புதல் பெற்று வருமாறு அவர் பணிக்கப்பட்டார் என்றும், இரணியன் வதைப் பகுதியை அவர் படித்தபொழுது மேட்டழகிய சிங்கர் தலையசைத்து ஏற்றார் என்றும் கர்ணபரம்பரையாகக் கூறுவர். இதனைச் சரித்திரம் என்று யான் சாதிக்க வரவில்லை. ஆயினும், அக்கதையில் ஓர் ஏற்பாடு தோன்றுகின்றது. திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்ப வள்ளல் உணவும் உறையுளும் அளித்தார். கோயில் இடம் அளித்தது. கற்றோர் அவை செவி அளித்தது. மூன்றில் ஒன்று குறைந்திருப்பினும் அரங்கேற்றம் நிகழ்ந்திராது. ஒருவர் தனித்துச் செய்ய இயலாததைப் பலர் கூடிச் செய்தல் என்பதே அதன் உட்பொருள்.

கவிக்கு இருந்த அவை சினிமாவிற்கு எழுதுவோர்க்கு அமைய நெடுங்காலம் ஆயிற்று. இத்தனைக்கும் நம் திருச்சிராப்பள்ளி சினிமாவிற்கு அந்நியமான ஊரன்று. 1905-ஆம் ஆண்டில், இங்கு இரயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார், டுபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படங்காட்டும் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராய்ச் சென்று கூடாரத்திற் படம் காட்டினார். அக்காலத்துப் படம் பேசவில்லை. ஆகவே வசனம் எழுதுவோனுக்கு அங்கு வேலையில்லை. பேசும்படம் வந்த பின்னரும் சின்னாள் பாட்டே முதன்மை பெற்றது. 1937-இல் வெளிவந்த ‘அம்பிகாபதி’யில் இளங்கோவன் எழுதிய உரையாடலுக்குப் பின்னரே வசனகர்த்தாவின் பெயரை மக்கள் நினைவிற் கொள்ளலாயினர். அப்படத்தின் நாயகன் கம்பர் மகன். அவனாக நடித்தவர் திருச்சியில் வாழ்ந்த எம். கே. தியாகராஜ பாகவதர்.

பிற்காலத்தில் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்து, திருச்சி புனித வளனார் கல்லூரியிற் பயின்ற சுஜாதா (1935–2008), ‘ரோஜா’ (1992), ‘இந்தியன்’ (1996), ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ (2002) முதலிய படங்களுக்கு வசனம் எழுதினார். அவர் அத்துடன் அமையாது, ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ என்றொரு நூலும் இயற்றினார். தொழில் நுட்பத்தை மறைத்து வைக்காது வருவோர்க்கெல்லாம் திறந்து காட்டியது அந்நூல். எனினும், நூல் கற்பிக்கும், கேட்காது. கேட்பதற்கு மனிதர் வேண்டும்.

அம்மனிதரைத் திரட்டும் முயற்சிகள் பிற இடங்களில் நிகழ்ந்துள்ளன. 1947-இல் சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் நண்பர் சிலரும் கல்கத்தாத் திரைப்படக் கழகத்தை நிறுவினர். ஊதியம் பெறாத அன்பர்கள் கூடி நல்ல படங்களைத் தருவித்துப் பார்த்து விவாதித்த சங்கம் அது. ஒரு கதை படமாகப் போகின்றது என்ற அறிவிப்பைக் கண்டால், ராய் அக்கதைக்குத் தாமே ஒரு திரைக்கதை எழுதி வைத்துக்கொண்டு, படம் வந்தபின் அதனோடு ஒப்பிட்டுப் பார்ப்பாராம். இத்தகைய பயிற்சியின் பயனை 1955-இல் ‘பதேர் பாஞ்சாலி’ உலகிற்குக் காட்டியது.

அமெரிக்காவில் நடிகர் இராபர்ட் ரெட்ஃபோர்ட் 1981-இல் தொடங்கிய ஸன்டான்ஸ் கழகம் இலாபநோக்கம் அற்றது. தேர்ந்த எழுத்தாளர் சிலர் அங்குச் சென்று, புதியவர் எழுதிய ஏட்டை முன்கூட்டியே படித்து, ஒருவருக்கு ஒருவராய் அமர்ந்து உரையாடுகின்றனர். ‘இவ்வாறு மாற்று’ என்று கட்டளையிடாது, எழுதினவன் எதனைச் சொல்ல வந்தான் என்று அவனையே தேடச் செய்வது அம்முறையின் சிறப்பு. அக்கழகம் நம் நாட்டு மகிந்திரா நிறுவனத்தாரோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவிலும் திரைக்கதைப் பயிலரங்குகளை நடத்தியது. புதியவர்க்கு விருதும் அளித்தது. அவ்விருதினை 2014-இற் பெற்ற நீரஜ் கய்வானின் ‘மசான்’ மறு ஆண்டு வெளிவந்தது. அதனை எழுதியவர் வருண் குரோவர். கதை நிகழுமிடம் காசி. நம் அரசினரின் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமும் 2007 முதல் திரைக்கதைப் பயிலரங்கு நடத்தலாயிற்று. ‘லஞ்ச் பாக்ஸ்’ (2013) அதன் வழியே வந்த ஒன்று. சென்னையில் ‘தமிழ் ஸ்டுடியோ’ என்னும் அமைப்பு, குறும்படம் எடுப்போர்க்குப் பயிற்சியும் திரையிடலும் விவாதமும் நடத்தி, படத்தொகுப்பாளர் பி. லெனின் பெயரால் விருதும் வழங்கியுள்ளது.

இவை யாவும் பெருநகரங்களின் செய்திகள். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட நம் தீவில் யாது செய்யலாம் என்று சிலர் சிந்தித்ததன் விளைவே யான் தொண்டு செய்துவரும் சிறு கூட்டம். அதற்குப் பெயரில்லை, பலகையும் இல்லை. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதியிலுள்ள தம் இல்லத்தின் திண்ணையையும் முன்னறையையும் சனிக்கிழமை மாலைகளில் எங்களுக்கு விடுகின்றார். உள்ளூர் அறக்கட்டளை ஒன்று படியெடுக்கும் செலவையும் தேநீர்ச் செலவையும் ஏற்கின்றது. தமிழ் பயிலும் மாணவராகிய நாங்கள் வாய்விட்டுப் படிப்போராகவும் கேட்போராகவும் செல்கின்றோம். பொன்மலைப் பணிமனையில் நெடுங்காலம் வேலைபார்த்த முதியவர் ஒருவரும் தவறாது வருவார். எழுதுவோர் ஐவர், கேட்போர் அறுவர் அல்லது எழுவர். வள்ளலும் மண்டபமும் அவையும் சிற்றளவில் ஈண்டும் கூடியுள்ளன என்று யான் எனக்குள் நினைத்துக்கொள்வதுண்டு.

எழுதுவோருள் ஒருவர் வேறொரு கல்லூரியில் இறுதியாண்டு வணிகவியல் பயிலும் என் நண்பர். அவர் தந்தையார் சரக்கு ஆட்டோ ஓட்டுபவர். 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் தூண்கள் சாய்ந்து வீழ்ந்த பழைய கொள்ளிடப் பாலத்தைப்பற்றி நண்பர் ஒரு திரைக்கதை எழுதத் தொடங்கினார். வடகரைச் சிற்றூர் ஒன்றிலிருந்து நாள்தோறும் விடியலில் அப்பாலத்தின்மீது நடந்துவந்து ஸ்ரீரங்கத்திற் பூ விற்கும் முதியவள் ஒருத்தியே அக்கதையின் தலைவி. பாலம் வீழ்ந்த காட்சியை அவர் மூன்று பக்க வசனமாக எழுதியிருந்தார். அதனை உரக்கப் படித்தவன் யான். சொற்கள் ஓசை நயம் பெற்றிருந்தன. ஆயினும், படிக்கப் படிக்க அறையில் ஏதோ தளர்வதை உணர்ந்தேன்.

படித்து முடித்தபின் பொன்மலைப் பெரியவர், “பாலம் இடிஞ்சதை எல்லாரும் பேசிட்டாங்க, தம்பி. மறுநாள் காலையிலே அந்த அம்மா எழுந்து என்ன பண்ணினாங்க?” என்று மட்டும் வினவினார். நண்பர் விடை கூறவில்லை. அடுத்த இரு சனிக்கிழமைகளிலும் அவர் வரவும் இல்லை.

மூன்றாம் வாரம் அரைப்பக்கத்தோடு வந்தார். அம்முதியவள் வழக்கமான நேரத்தில் எழுகின்றாள், பூத்தொடுக்கின்றாள், கூடையோடு நடக்கின்றாள். பழைய பாலத்தின் வாயில் அடைபட்டிருக்கின்றது. பக்கத்துப் புதிய பாலத்தில் விரையும் வண்டிகளைப் பார்க்கின்றாள். பின்பு கூடையை இறக்கி அங்கேயே அமர்ந்து, முழம் அளக்கத் தொடங்குகின்றாள். ஒரு சொல்லேனும் பேச்சில்லை. வீட்டுக்குரிய ஆசிரியர், “அன்று முழம் என்ன விலை சொன்னாள்?” என்று கேட்டார். அவ்வினாவைக் கேட்டபொழுது, அம்முதியவள் காகிதத்தை விட்டு எழுந்து எங்களிடையே வந்து அமர்ந்துவிட்டாள் என்பதை யான் உணர்ந்தேன்.

அவ்வளவில் எல்லாம் இனிது முடிந்ததென்று எழுத இயலவில்லை. நண்பருக்குச் சென்னையில் அலுவலக வேலையொன்று ஏற்பாடாகியிருந்தது. ஜூன் மாதத்திற் சேரவேண்டும். “சினிமாவுல உனக்கு யாரைடா தெரியும்?” என்பது தந்தையாரின் கேள்வி. அது நியாயமான கேள்வி. ஏனெனில் அக்குடும்பம் அவ்வேலையை நம்பியிருந்தது. நண்பர் தர்க்கம் செய்யாது, ஒரு சனிக்கிழமை தந்தையாரை எங்கள் கூட்டத்திற்கு அழைத்துவந்தார். அவர் வாயிற்படியருகே அமர்ந்து இறுதிவரை கேட்டார். எழும்பொழுது, “மழை நாள்ல பூக்கூடை கனக்கும். நனைஞ்ச பூவை அந்தம்மா ஒருத்தியா தலையிலே ஏத்த முடியாது, யாராவது கை கொடுக்கணும்” என்றார். அந்தக் கை இப்பொழுது கதையில் உளது. வேலையைப்பற்றி அவர் மனம் மாறவில்லை. நண்பரும் வேலையிற் சேர இசைந்துவிட்டார். எஞ்சிய நாற்பது பக்கங்களை இரவில் எழுதி அனுப்புவதாகச் சொல்லியிருக்கின்றார். அவர் அனுப்பும் ஏடு எதுவாயினும் படித்துக் கேட்பதென்று நாங்களும் உறுதி கொண்டுள்ளோம்.

இத்தொண்டிற்குச் சில வரம்புகள் வேண்டும். புதியவர் உள்ளத்தில் எப்பொழுதும் ஓர் அச்சம் உண்டு; ‘என் கதையைப் பிறர் எடுத்துக்கொண்டால்?’ என்பது அது. 2018-இல் ‘சர்க்கார்’ படத்தின் கதை, தாம் முன்னரே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்திற் பதிவு செய்திருந்த ‘செங்கோல்’ என்பதனோடு ஒத்திருப்பதாக உதவி இயக்குநர் ஒருவர் முறையிட்டார். ஒப்புமை உண்டென்று சங்கம் கருதியது. வழக்கு உயர்நீதிமன்றத்தில் இருதரப்பார் உடன்பாட்டோடு முடிந்தது. பதிவு என்னும் எளிய செயலின் பயனை இதனால் அறியலாம். எங்கள் கூட்டத்தில் ஒவ்வோர் ஏட்டிலும் எழுதினவர் பெயரும் தேதியும் இடப்படும். கேட்போர் எவரும் படியை வீட்டிற்குக் கொண்டு செல்லலாகாது. பிறர் காட்சியைத் தாம் திருத்தி எழுதித் தரலாகாது. குறை கூறுமுன் தாம் எதனைக் கண்ணாற் கண்டதுபோல் உணர்ந்தார் என்பதைக் கூறல்வேண்டும். இவற்றுள் மூன்றாவதே அரிது. நல்ல தமிழ் கற்ற நமக்குப் பிறர் வாக்கியத்தைக் கண்டவுடன் கை ஊறுகின்றது. அதனை அடக்குதலும் தொண்டின் ஒரு பகுதியே.

மற்றொன்றும் கூறவேண்டும். கற்கும் பருவத்தில் இலவசமாய்க் கேட்பதும் படிப்பதும் அறம். ஆனால் ஒருவருடைய கதையை வாணிகத்திற்குக் கொள்வோர் அதனையும் ‘தொண்டு’ என்று சொல்லி ஊதியம் மறுப்பின் அஃது அறமாகாது. தொண்டு என்னும் சொல் எழுத்தாளனைத் தாங்கும் கைத்தாங்கலாக இருக்கவேண்டுமேயன்றி, அவன் கூலியை மறைக்கும் திரையாகிவிடலாகாது.

மாணவ நண்பர்களே! சினிமாவைக் குறைகூறுதல் நமக்கு எளிதாயிருக்கின்றது. அதன் வசனம் தாழ்ந்தது, அதன் கதை பொய்யானது என்று விடுதி உண்டிச்சாலையில் நாள்தோறும் பேசுகின்றோம். அங்ஙனம் பேசும் நேரத்தில் வாரம் ஒரு மணியை, நம் ஊரில் எழுதும் ஒருவர்க்குச் செவியாக அளிப்போமாயின், நல்ல வசனம் எங்கிருந்து வரும் என்ற வினாவிற்கு ஓரளவேனும் விடை கிடைக்கும். பழைய மாணவர்களாகிய பெரியோர்கள் ஓர் அறையை, ஒரு படியெடுப்புச் செலவை, தாம் பணிபுரிந்த துறையின் அநுபவத்தை உதவலாம். மருத்துவமனைக் காட்சி எழுதுபவனுக்குச் செவிலியர் ஒருவரும், நீதிமன்றக் காட்சி எழுதுபவனுக்கு வழக்கறிஞர் ஒருவரும் அரைமணி நேரம் தருவது சிறிய உதவியன்று. நனைந்த பூவின் கனத்தைச் சொல்லித் தர எந்தப் பெரிய கழகத்தாலும் இயலாது. அதனை அறிந்தவர் ஓர் ஆட்டோ ஓட்டுநர். அத்தகையோர் நம் தெருக்களில் எத்துணையோ பேர் உளர். அவர்களையும் எழுதுவோரையும் ஓரிடத்தில் அமர்த்துவதே நம்மால் இயன்ற பணி.