ஏறின கியரிலேயே இறங்கணும்

 

மகன் வீட்டுக்கு அமெரிக்கா வந்து இரண்டு மாதம் ஆகிறது. "போட்டோ மட்டும் போடறீங்க, எதுவும் எழுத மாட்டேங்கறீங்களே டீச்சர்" என்று போன வாரம் ஒரு பிள்ளை கேட்டிருந்தாள். எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். இதில் ஊர் சுற்றிய கதையோடு நான் ஒருவரிடம் கேட்க வேண்டிய மன்னிப்பும் இருக்கிறது. அதனால் கடைசிவரை படியுங்கள்.

மகன் இருப்பது கொலராடோ மாநிலத்தில், டென்வர் பக்கம். டென்வரே கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரம். சரியாக ஒரு மைல். நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் உயரம், ஆனால் பார்த்தால் சமவெளி மாதிரி இருக்கும். மேற்கே திரும்பினால்தான் ராக்கி மலைத்தொடர் சுவர் கட்டியது போல நிற்கும்.

அந்த மலைக்குள் மூன்று நாள் போய் வரலாம் என்று மகன் ஒரு டிராவல் டிரெய்லரை வாடகைக்கு எடுத்தான். பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். அது சக்கரம் வைத்த வீடு. கட்டில், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், கழிவறை எல்லாம் உள்ளே இருக்கும். இன்ஜின் மட்டும் கிடையாது. ஒரு வண்டிதான் இழுத்துப் போக வேண்டும். இழுப்பது மகனுடைய பிக்கப். முன்னால் ஐந்து பேர் உட்காரும் கேபின், பின்னால் திறந்த தொட்டி. நம் ஊர் குட்டியானைக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லர் 26 அடி நீளம். தண்ணீர், சாமான் எல்லாம் ஏற்றி 2,700 கிலோ. பிக்கப்பும் நாங்களும் சேர்ந்து ஒரு 3,000 கிலோ. ஆக ஐந்தே முக்கால் டன். இதை ஓட்ட அவனுடைய சாதாரண கார் லைசென்ஸே போதும் என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான் நாமக்கல்காரி. லாரிக்கு பாடி கட்டும் சத்தத்தில் தூங்கி எழுந்தவள். பாரம் இழுக்கும் வண்டி என்றால் என்ன என்று கொஞ்சம் தெரியும்.

பிள்ளை பொறுப்பாகத்தான் எல்லாம் செய்தான். பிக்கப்பின் பின்னால் இருக்கும் இரும்புக் குண்டின் மேல் டிரெய்லரின் மூக்கை இறக்கிப் பூட்டினான். இரண்டு சங்கிலியையும் அடியில் குறுக்காக மாட்டினான். பூட்டு கழன்றாலும் மூக்கு ரோட்டில் குத்தாமல் அந்தச் சங்கிலித் தொட்டில் தாங்கும். தனியாக ஒரு மெல்லிய கம்பி வேறு. டிரெய்லர் மொத்தமாகப் பிய்த்துக்கொண்டால் அந்தக் கம்பி உருவி, டிரெய்லரின் பிரேக் தானாகப் பிடிக்கும். கனமான சாமானையெல்லாம் முன்பக்கமாக அடுக்கச் சொன்னான். டிரெய்லர் எடையில் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் மூக்கில் உட்கார வேண்டும், பின்னால் பாரம் ஏறினால் வால் ஆடும் என்றான். நானும் நாலு விளக்கும் எரிகிறதா என்று பின்னால் நின்று பார்த்துச் சொன்னேன்.

எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்தால் வாந்தி வரும். அதனால் முன்னால் மகன் பக்கத்தில் நான். பின்னால் மருமகள், பேரன், எங்கள் வீட்டுக்காரர். அவர் டென்வரைத் தாண்டும் முன்பே குறட்டை.

நாங்கள் போக வேண்டிய ஊர் கிளென்வுட் ஸ்பிரிங்ஸ். வெந்நீர் ஊற்றுக்குப் பேர் போன ஊர். 70ஆம் எண் நெடுஞ்சாலையில் மேற்கே சுமார் 160 மைல். வழியில்தான் ஐசனோவர் சுரங்கம் இருக்கிறது. மலை முதுகைக் குடைந்து 1.7 மைல் நீளத்துக்குப் போட்டது. மேற்கே போகும் குழாய் 1973இல் திறந்தார்கள், கிழக்கே வரும் குழாய் 1979இல். அதன் மேற்கு வாசல் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டாவே 8,650 அடிதான்.

ஏற்றம் முழுக்க இன்ஜின் கத்திக்கொண்டே ஏறியது. உயரம் போகப் போகக் காற்று இளைக்கும், இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும். பிக்கப்பில் "டோ ஹால்" என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அதைப் போட்டால் பாரத்துக்குத் தகுந்த மாதிரி வண்டி கீழ் கியரிலேயே நிற்கும். அதைப் போட்டு வலது ஓரமாக, லாரிகளுக்குப் பின்னால் பொறுமையாக ஏற்றினான். பேரன் கையிலிருந்த சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிட்டது. ஏன் உப்பியது என்று அவனுக்குப் பாடம் எடுத்துக்கொண்டே வந்தேன். சுரங்கத்துக்குள் நுழைந்ததும் மகன் பெருமூச்சு விட்டான்.

"அப்பாடா, ஏத்தம் முடிஞ்சுதும்மா. இனி எறக்கம்தான், கஷ்டமில்லை" என்று சொல்லி அந்தப் பொத்தானை அணைத்தான். சத்தம் நின்றது. எனக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது.

சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் மஞ்சள் பலகை. லாரி சரிவில் இறங்கும் படம். பக்கத்தில் 7%.

பிள்ளைகளே, 34 வருடம் நான் சதவீதக் கணக்கு நடத்தியிருக்கிறேன். 7% சரிவு என்றால் 100 அடி முன்னால் போனால் 7 அடி கீழே இறங்கும் என்று கரும்பலகையில் முக்கோணம் போட்டுக் காட்டுவேன். அந்த முக்கோணம் என்னைப் பின்னாலிருந்து தள்ளும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மணிக்கு 50 மைலில் வெளியே வந்த வண்டி, அவன் ஆக்ஸிலரேட்டரைத் தொடாமலே 60 ஆனது. பிரேக் போட்டான். காலை எடுத்ததும் மறுபடி 60, 65. மறுபடி பிரேக். லாரி ஒன்றைத் தாண்டும்போது காற்று தள்ளியதில் டிரெய்லர் வால் ஆட்டியது. எங்கள் பிக்கப்பையும் சேர்த்து ஆட்டியது. மகன் முகம் வெளுத்துவிட்டது. விடாமல் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தான். ஒரு மைல் போயிருப்போம். கருகல் வாடை வந்தது.

அந்த வாடை எனக்குத் தெரியும். பிரேக் லைனர் காயும் வாடை. வலது பக்கம் மலைமேல் ஏறும் சரளைக் கல் பாதை ஒன்று தெரிந்தது. பிரேக் போன லாரிகள் ஏறிப் புதைந்து நிற்பதற்காகப் போட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. பின்னால் பேரன் பாட்டுப் பாடிக்கொண்டிருக்கிறான்.

அந்த நேரத்தில் என் காதில் ஒரு குரல் கேட்டது. "ஏறுன கியர்லயே எறங்கோணும்ங்க டீச்சர்."

அந்தக் குரல் யாருடையது என்று சொல்ல 1987க்குப் போக வேண்டும். ஏழாம் வகுப்பு. பேர் சொல்ல மாட்டேன், அவனோடு படித்தவர்களுக்கே தெரிந்திருக்கும். சதவீதக் கணக்கு அவனுக்கு வரவே வராது. ஒரு நாள் கரும்பலகை முன்னால் நிற்க வைத்து, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்: "நீ லாரியில கிளீனராப் போகத்தான் லாயக்கு." எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். அடுத்த வருடம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

2011 சட்டமன்றத் தேர்தல். எனக்குக் கொல்லிமலையில் பூத் டியூட்டி போட்டிருந்தார்கள். முடித்துவிட்டு இறங்குவதற்கு வந்த வண்டியின் டிரைவர் அவன்தான். என்னை அடையாளம் கண்டுகொண்டு முன் சீட்டைத் துடைத்து உட்கார வைத்தான். "நீங்க சொன்ன மாதிரியே கிளீனராத்தாங்க போனேன் டீச்சர். அப்பறம் டிரைவர் ஆயிட்டேன்" என்றான், சிரித்துக்கொண்டே. அன்றைக்கும் நான் சிரித்து மழுப்பிவிட்டேன்.

கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு. நள்ளிரவு. எல்லோருக்கும் வீடு போய்ச் சேரும் அவசரம். இறக்கம்தானே, ஏன் இப்படி இரண்டாவது கியரில் உறுமிக்கொண்டு போகிறாய் என்று கேட்டேன். அப்போது சொன்னதுதான் அது. "ஏறுன கியர்லயே எறங்கோணும்ங்க டீச்சர். பிரேக்கு நிக்கறதுக்கு. எறங்கறதுக்கு இன்ஜின்தான். பிரேக்கை நம்பி எறங்குனா சூடேறிப் போகும், அப்பறம் மிதிச்சாலும் பிடிக்காது."

இப்போது அதை நான் மகனிடம் சொன்னேன். "கண்ணு, காலை எடு. கியரைக் குறை. ஏறுன கியருக்குப் போ."

வேகம் அதிகமாக இருந்ததால் முதலில் கியர் விழவில்லை. ஒரே அழுத்தாக அழுத்தி வேகத்தைக் குறைத்தான். மூன்றாவது கியர் விழுந்தது. இன்ஜின் கத்திய கத்தில் அவர் குறட்டையே நின்றுவிட்டது. எனக்கு அந்தச் சத்தம் அவ்வளவு ஆறுதலாக இருந்தது. விளக்கை மினுக்கிக்கொண்டு ஊர்ந்த லாரிகளுக்குப் பின்னால் நாங்களும் 35 மைலில் ஊர்ந்தோம். வேகம் கூடினால் ஒரு தடவை அழுத்திப் பிடித்துவிட்டுக் காலை எடுத்துவிடுவான். சக்கரம் ஆறட்டும் என்று.

சில்வர்தார்ன் என்ற ஊரில் நிறுத்தி இறங்கினோம். டிரெய்லர் சக்கரத்தின் பக்கத்தில் கை கொண்டுபோக முடியவில்லை, அனல். தண்ணீர் ஊற்றக் கூடாது, தானாகத்தான் ஆற வேண்டும். முக்கால் மணி நேரம் ரோட்டோரம் உட்கார்ந்திருந்தோம். மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை.

பழக்க தோஷம், அன்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த ஒரு இறக்கத்தில் 2,000 அடிக்கு மேல் இறங்கியிருக்கிறோம். ஐந்தே முக்கால் டன் அவ்வளவு தூரம் இறங்கும்போது வெளிவரும் சக்தியில் நூறு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். அவ்வளவு சூட்டையும் சின்னச் சின்ன பிரேக் கட்டைகள்மேல் ஏற்றினால் அவை என்ன செய்யும்? கணக்கு எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைக்கு அது காலிலேயே தெரிந்திருந்தது. எது பெரிய படிப்பு என்று எனக்கு இப்போது சந்தேகமாக இருக்கிறது.

அன்று ராத்திரியே அவனோடு படித்த ஒருத்தியிடம் நம்பர் வாங்கி அவனைக் கூப்பிட்டேன். இங்கே ஒன்பது மணி, அங்கே மறுநாள் காலை எட்டரை. நடந்ததைச் சொன்னேன். பிறகு, "அன்னைக்கு வகுப்புல நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுப்பா. என்னை மன்னிச்சுக்கோ" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

"டிரெய்லருக்குத் தனி பிரேக்குங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

ஆமாம் என்றேன்.

"தம்பியை அதை முதல்ல பாக்கச் சொல்லுங்க. காஞ்சிருந்தா லைனர் மாத்தாம எடுக்க வேண்டாம். திரும்பி வரப்பவும் மலைதானுங்களே? உச்சி வர்றதுக்கு முன்னாலயே கியரைப் போட்டுக்கோணும். எறங்க ஆரம்பிச்சப்பறம் தேடக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "பத்திரமா வாங்க டீச்சர்" என்றான்.

மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதை நான் எதிர்பார்க்கவும் கூடாது.

மறுநாள் மெக்கானிக்கை வரவழைத்துப் பார்த்தோம். டிரெய்லரில் ஒரு பக்கம் லைனர் காய்ந்துதான் இருந்தது, மாற்றினோம். திரும்பும்போது சுரங்கத்துக்கு முன்னாலேயே மகன் அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டான். வெளியே வந்து இறக்கம் தொடங்கும்போது கியர் தயாராக இருந்தது. பின்னால் வந்தவர்கள் பலர் பொறுமையில்லாமல் எங்களைத் தாண்டிப் போனார்கள். போகட்டும் என்று விட்டுவிட்டோம்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் பலர் இந்த மாதிரி டிரெய்லர் எடுத்துப் போகிறீர்கள் என்று தெரியும். அதற்காகவும்தான் இதை எழுதினேன். ஏறும்போது இருக்கும் கவனம் இறங்கும்போது இரண்டு மடங்கு வேண்டும். கியர் முதலில், பிரேக் பிறகு. வாடை வந்தால் வெட்கப்படாமல் ஓரமாக நிறுத்துங்கள்.

இன்னொன்று. என் வகுப்பில் அப்படி ஒரு வார்த்தை வாங்கியவர்கள் அவன் ஒருவன் மட்டும் இருக்க மாட்டான். எனக்கு ஞாபகம் இல்லாவிட்டாலும் உங்களுக்கு இருக்கும். கூச்சப்படாமல் எனக்கு எழுதுங்கள். கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் ஊருக்கு வருகிறேன். வந்ததும் முதலில் அவன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அவன் மகள் இந்த வருடம் பத்தாம் வகுப்பாம். கணக்கு நன்றாகப் போடுவாளாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்