பட்டுப்போகாத புங்கன்



2017-ஆம் ஆண்டின் கோடையை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். முந்தைய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை பொய்த்துப்போயிற்று. ஜனவரியில் தமிழக அரசு எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று அறிவித்தது. அப்பொழுது நான் மேல்மலையனூருக்கு அருகே ஒரு சிறிய சபையில் ஊழியம் செய்துகொண்டிருந்தேன். மே மாத ஞாயிறு ஒன்றில், ஆலயத்தின் ஜன்னலுக்கு வெளியே இலையின்றி நின்ற இளம் புங்கமரத்தைச் சுட்டிக்காட்டி, வறண்ட விசுவாசத்தைக் குறித்துக் கடுமையாகவே பிரசங்கித்தேன். சில மாதங்களாகப் பாடாமலும் காணிக்கை செலுத்தாமலும் பின்வரிசையில் அமர்ந்து, ஆசீர்வாதத்துக்கு முன்பே எழுந்துபோகும் ஒரு தாயார் என் மனதில் இருந்தார். அவருடைய கிணறு வற்றியிருந்ததை நான் அறிவேன். அறிந்தும் பேசினேன்.

அன்று அவர் எழுந்துபோகவில்லை. ஆராதனை முடிந்தபின் என்னிடம் வந்து, “ஐயா, அந்த மரம் பட்டுப்போவல. நகத்தால கீறிப் பாருங்க” என்று மட்டும் சொல்லிச் சென்றார். மாலையில், ஒருவரும் இல்லாத வேளையில், கீறிப் பார்த்தேன். பட்டையின் கீழே பச்சை தெரிந்தது.

அந்தப் பச்சை அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்பதை, தாவரவியல் பயின்ற நம் சபை வாலிபர் ஒருவர் பின்னர் எனக்கு விளக்கினார். மண் காயும்பொழுது மரத்தில் அப்சிசிக் அமிலம் என்னும் சுரப்பு பெருகி, இலைத்துளைகளை மூடச் செய்கிறது. நீர் மிச்சமாகிறது; ஆனால் இலை தன்னைக் குளிர்வித்துக்கொள்வதும் அந்தத் துளைகள் வழியேதான். ஆகவே தாகத்துக்கு அடைத்த கதவு வெப்பத்தைக் கூட்டிவிடுகிறது. வறட்சியும் வெயிலும் சேர்ந்து வந்தால் மரத்துக்கு இந்த இக்கட்டு உண்டு. பல மரங்கள் இலையை உதிர்ப்பதற்கு முன்பாக அதிலுள்ள புரதங்களைப் பிரித்து, அவற்றின் நைட்ரஜனைக் கிளைக்குள் திரும்ப எடுத்துக்கொள்கின்றனவாம். நான் அழிவு என்று கண்டது கணக்குப் பார்த்துச் செய்த செலவுக்குறைப்பு.

எஞ்சிய செல்களுக்குள் நடப்பது இன்னும் வியப்பானது. வெப்பம் மிகும்பொழுது புரதங்கள் மடிப்புக் கலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். வெந்த முட்டை மறுபடி பச்சை முட்டையாவதில்லை அல்லவா? செல் உடனே தன் அன்றாட உற்பத்தியின் பெரும்பகுதியை நிறுத்திவிட்டு, வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் எனப்படுபவற்றைச் சில நிமிடங்களிலேயே உண்டாக்கத் தொடங்குகிறது. 1962-இல் இத்தாலியரான பெருச்சியோ ரிட்டோசா, ஆய்வகப் பெட்டி ஒன்றின் வெப்பம் தற்செயலாக உயர்த்தப்பட்டதால், பழ ஈக்களில் இதன் முதல் தடயத்தைக் கண்டார். தாவரங்களுக்கும் இது பொது. அவற்றில் சில, கலையும் புரதத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. வேறு சில, ஒட்டிப்போனவற்றைப் பிரித்து மீண்டும் மடிக்கின்றன. மாப்பிள்ளைத் தோழனைப் போல, கூடவே நின்று விழாமல் பார்த்துக்கொள்வதே அவற்றின் வேலை. வறட்சிக்கென்று டீஹைட்ரின் என்னும் வேறொரு குடும்பம் உண்டு. முற்றிக் காயும் விதைக்குள்ளும் இக்குடும்பத்துப் புரதங்கள் சேர்கின்றன.

சென்னைத் தரமணியிலுள்ள எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சீமைக் கருவேலத்திலிருந்து ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்துப் புகையிலைச் செடியில் சேர்த்தார்கள். நீரின்மையால் செல்லுக்குள் உண்டாகும் நச்சைத் தணிக்க உதவும் புரதம் ஒன்றுக்குரிய மரபணு அது. அந்தச் செடிகள் வறட்சியை நன்றாகத் தாங்கின என்று 2010-இல் வெளியிட்டார்கள். 2017-இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னதும் அதே மரத்தைத்தான். அந்த மரத்துக்காக வாதாட நான் வரவில்லை. நம் ஏரிகளை அது என்ன செய்திருக்கிறது என்று நமக்குத் தெரியும். ஆயினும் நாம் வெறுக்கும் ஒன்றினிடத்தில் கற்றுக்கொள்ளப் போன அந்த ஆய்வாளர்களை நினைத்து எனக்கு வெட்கமாயிற்று. நான் அந்தத் தாயாரிடத்தில் ஒன்றும் கேட்கவேயில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்குச் சென்றேன். தொழுவத்தில் மாடு இல்லை; விற்றுவிட்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டபொழுது அவர் பதில் சொல்லாமல் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். மூலையில் இரண்டு மூட்டைகள் கட்டிவைக்கப்பட்டிருந்தன. விதை மல்லாட்டை என்றார். அந்தக் கோடை முழுவதும் அதில் ஒரு கைப்பிடிகூட எடுத்து வறுக்கவில்லையாம். “பாட்டு பாடினா அழுகை வந்துடும் ஐயா, அதான் வாயத் தெறக்கல” என்றார்.

ஆடியில் மழை பெய்தது. அவர் விதைத்தார். புங்கனும் துளிர்த்தது, ஒரு பக்கக் கிளை மட்டும் துளிர்க்கவேயில்லை, அதை வெட்டினோம். அறுப்பின் பண்டிகையன்று அவர் ஒரு மரக்கால் மல்லாட்டையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு, வழக்கம்போலப் பின்வரிசைக்குப் போய் அமர்ந்தார். அந்த மே மாதப் பிரசங்கக் குறிப்பு இன்னும் என் வேதாகமத்துக்குள் மடித்தபடி இருக்கிறது.