ஜீப்பின் மேல் ஒரு முழக் கோல்

நம் பங்கின் ஜீப்பைக் காண்போர் முதலில் நோக்குவது, அதன் முன்கூரையின் நடுவே நிமிர்ந்து நிற்கும் ஒரு முழக் கோலைத்தான். "சாமி, அது தூண்டிலா?" என்று வினவும் சிறுவர் உண்டு. "இடிதாங்கியா சாமி?" என்று கேட்ட பெரியவர்களும் உண்டு. அது தூண்டிலும் அன்று, இடிதாங்கியும் அன்று. வண்டிக்குள் இருக்கும் ஹாம் வானொலிப் பெட்டியின் ஏரியல். இந்த எளிய கோலுக்கு முன்னர், இதைப்போல் இரண்டரை மடங்கு நீளமும் பன்மடங்கு விலையும் உள்ள வேறோர் ஏரியல் நம் வண்டியில் இருந்தது. அதை அகற்றி இதைப் பொருத்திய கதையைச் சொல்ல நமக்குச் சற்று நாணமே. எனினும் மலைப்பாதையில் வண்டியோட்டும் குடும்பத்தார் நம் வாசகருள் பலர் இருப்பதால், நம் பிழை அவர்களுக்குப் பாடமாகட்டும் என்று துணிந்து எழுதுகிறோம்.

ஹாம் வானொலியின்மீது நமக்கு நாட்டம் உண்டானது 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலைக்குப் பின்னர்தான். அந்நாள்களில் பாரதி பிரசாத் என்னும் அம்மையார் ஹாம் வானொலிப் பணிக்காகப் போர்ட் பிளேயருக்கு வந்திருந்தார். அந்தமான் தீவுகளின் தொலைபேசிகள் ஓய்ந்த வேளையில், அவருடைய நிலையத்திலிருந்து தாய்நாட்டுக் கரைக்குச் செய்திகள் சென்றன. அதைப் படித்த நாளிலிருந்து, தொலைபேசி எட்டாத நம் மலைக் குடிகளை எண்ணிப் பார்த்தோம். பழனி மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் ஒளிந்திருக்கும் சிற்றூர்கள் அவை. சில ஆண்டுகள் கழித்து, நடுவண் அரசின் தேர்வை எழுதி உரிமமும் பெற்றோம். தேர்வில் தேறினோம், ஆனால் தேர்வுத்தாளில் இல்லாத ஒரு பாடம் பின்னர்க் காத்திருந்தது.

பெட்டி வாங்கியபின் ஏரியல் வாங்கச் சென்றோம். நாம் பேச விரும்பிய அலைவரிசை 145 மெகாஹெர்ட்ஸ் அளவில் இருப்பது. முந்நூற்றை அந்த எண்ணால் வகுத்தால் அலையின் நீளம் மீட்டரில் கிடைக்கும். இங்கே ஏறக்குறைய இரண்டு மீட்டர். அதில் கால் பங்கு நீளமுள்ள கோல் ஒரு வகை. எட்டில் ஐந்து பங்கு நீளமுள்ளது மற்றொரு வகை. நீண்டது அலையைத் தொடுவானம் நோக்கித் தாழ்த்தி அனுப்புவதால் சமவெளியில் நெடுந்தொலைவு எட்டும் என்றார்கள். பெரியது நல்லது என்று நம்புவது மனித இயல்பு அன்றோ! நாமும் நீண்டதையே வாங்கினோம்.

அடுத்த பிழை அதைப் பொருத்தியதில். நம் ஜீப்புக்குக் கித்தான் கூரை. மேலே இரும்பு இல்லை. ஆகவே பின் பம்பரில், ஸ்டெப்னிச் சக்கரத்தின் அருகே கோலை நிறுத்தினோம். வண்டிக்கு அப்போதுதான் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. அது கெடலாகாது என்று, தாங்கியின் அடியில் ரப்பர் அட்டை ஒன்றையும் கவனமாக வெட்டி வைத்தோம். மைதானத்தில் நின்று அடிவார ஊரில் இருக்கும் நண்பரை அழைத்தோம். அவரும் பதில் தந்தார். கோல் காற்றில் அசைந்தாடுவதைக் கண்டு மகிழ்ந்தோம்.

2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து, அன்றே மேற்கு நோக்கி நகர்ந்து மலைமேலும் வீசியது. மரங்கள் சாலையெங்கும் சாய்ந்தன, மின்சாரம் நின்றது, அதனோடு கைப்பேசிகளும் ஊமையாயின. அன்று மாலை ஒரு சிற்றூரில் பேறுகால வேதனையுற்ற பெண்ணொருத்தியை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டோம். மூன்றாம் வளைவில் பெருமரங்கள் விழுந்து பாதையை அடைத்திருந்தன. உடன் வந்த ஆடவர், கம்பத்தில் போர்வையைத் தூளியாகக் கட்டி, அவளை மறுபுறம் சுமந்து செல்ல ஆயத்தமாயினர். அங்கே வண்டியொன்று வந்து நின்றால் போதும். அடிவார நண்பர் அன்று முழுதும் பெட்டியருகே காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். பொத்தானை அழுத்தினோம். அழைத்தோம், மீண்டும் அழைத்தோம், பத்து முறைக்கு மேல் அழைத்தோம். பதில் இல்லை.

தூளி மறுபுறம் சென்று சேர்ந்தபோது அங்கே எந்த வண்டியும் இல்லை. மூடிக் கிடந்த தேநீர்க் கடையொன்றின் தாழ்வாரத்தில், கொட்டும் மழையில், ஒன்றரை மணி நேரம் அவளைக் கிடத்தியிருந்தோம். அவளுடைய தாயார் நம் முகத்தைப் பார்க்கவில்லை. கையில் இருந்த வானொலிப் பெட்டியின் ஒலிவாங்கியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னர்க் காய்கறி ஏற்ற வந்து வழியில் சிக்கிய லாரி ஒன்று கிடைத்தது. குழந்தை மருத்துவமனையில் பிறந்தது. இரத்தம் மிகுதியாகப் போனமையால் தாய்க்கு இரத்தம் ஏற்ற வேண்டியதாயிற்று. இருவரும் பிழைத்தனர். "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று மருத்துவர் வினவியபோது, நம்மிடம் விடையில்லை.

மறுவாரம் நண்பர் மலையேறி வந்தார். இராணுவத்தின் சிக்னல் படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். "சாமி, அன்று யாரோ பொத்தானை அழுத்துவது மட்டும் தெரிந்தது. இரைச்சல் அடங்கும், மறுபடி எழும்பும், குரல் வரவே இல்லை" என்றார். தம் பையிலிருந்து சிறிய அளவுமானி ஒன்றை எடுத்துப் பெட்டிக்கும் ஏரியலுக்கும் இடையே இணைத்தார். நாம் அனுப்பும் ஆற்றலில் எவ்வளவு வெளியேறுகிறது, எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைக் காட்டும் கருவி அது. முள் ஒன்றின் அருகே நின்றால் நலம். இரண்டு என்றால் ஒன்பதில் ஒரு பங்கு திரும்பும். மூன்று என்றால் நாலில் ஒரு பங்கு திரும்பும். நம் ஏரியலுக்கு முள் மூன்றையும் தாண்டிற்று. அந்நிலையில் பெட்டி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே ஆற்றலைக் குறைத்துக்கொள்ளும் என்றும் அறிந்தோம்.

பிறகு நண்பர் தாங்கியைக் கழற்றி, நாம் அருமையாக வெட்டி வைத்த ரப்பர் அட்டையை எடுத்துக் கையில் கொடுத்தார். "சாமி, கோல் என்பது ஏரியலில் பாதிதான். மற்றப் பாதி அதன் அடியில் இருக்கும் இரும்பு. நீங்கள் பாதி ஏரியலை விலைக்கு வாங்கி, மறு பாதியை ரப்பர் போட்டுத் தள்ளி வைத்துவிட்டீர்கள்" என்றார்.

அந்தச் சொல்லைச் சற்று விரித்துரைக்க வேண்டும். வீட்டு மாடியில் இரு கைகளையும் விரித்தாற்போல் கட்டும் ஏரியலில் இரு பாதிகளும் கண்ணுக்குத் தெரியும். வண்டியில் நிற்கும் கோலுக்கோ ஒரு கையே உண்டு. வண்டியின் இரும்பு உடலே மறு கை. கோலில் மின்னோட்டம் மேலேறுந்தோறும் அதற்கு இணையான ஓட்டம் அடியிலுள்ள தகட்டில் பரவ வேண்டும். பரவ இடமில்லையேல் கோல் எத்துணை நீளமாயினும் பயனில்லை. தாங்கி தொடும் இடத்தில் பெயின்ட் இருந்தாலும், துரு இருந்தாலும், அந்தப் பரவல் தடைப்படும்.

நீளமான கோலும் மலைக்கு ஏற்றதன்று என்று விளக்கினார். வண்டி சரிவில் சாய்ந்து நிற்கையில், தாழ்ந்து பரவும் அலையின் ஒரு புறம் மண்ணிலும் மறுபுறம் வானிலும் போய்விடக்கூடும். கால் அலைக் கோல் தன் ஆற்றலைச் சற்று அகன்ற கோணத்தில் தருவதால் பள்ளத்தாக்குகளுக்கு அதுவே பொருந்தும். மேலும், நெடுங்கோல் குழியிலும் கல்லிலும் ஓயாமல் ஆடி, அடியில் ஈயம் வைத்த இணைப்பை வெடிக்கச் செய்திருந்தது. அவ்வழியே மழைநீர் கேபிளுக்குள் இறங்கியிருந்தது. அந்தமானிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பேசுவதற்கு வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலை வேண்டும். அதற்குரிய ஏரியல் வேறு. நமக்கு வேண்டியதோ இருபது, முப்பது கிலோமீட்டர். யாரிடம் பேசப் போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டுக் கடைக்குப் போவதே முறை.

வண்டியைப் பட்டறைக்குக் கொண்டுசென்றோம். கித்தானின் முன்பாதியை நீக்கி, சட்டத்தின்மேல் ஒரு மீட்டர் சதுர இரும்புத் தகட்டைப் பொருத்தச் சொன்னோம். கோலைச் சுற்றி எல்லாப் பக்கமும் கோலின் நீளமளவு இரும்பு இருத்தல் நலம் என்பது கணக்கு. தகடு சட்டத்தைத் தொடும் இடங்களில் மெக்கானிக் தயங்கி நின்றார். "சாமி, புதுப் பெயின்ட்டாச்சே, சுரண்டலாமா?" என்றார். "சுரண்டு தம்பி, சுரண்டாததனால் வந்த வினைதான் இவ்வளவும்" என்றோம். உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் இட்டு இறுக்கி, துரு ஏறாதபடி வாசலின் தடவினார். பானட்டையும் கதவுகளையும் உடலோடு செம்பு நாடாக்களால் இணைத்தார்.

கோலைச் சற்று நீளமாகவே வாங்கி, அளவுமானியைப் பார்த்துப் பார்த்து, அரை அரை சென்டிமீட்டராக வெட்டினோம். நீண்டதைக் குறைக்கலாம், குறைந்ததை நீட்ட இயலாது என்பது தையற்காரர் அறிந்த உண்மை. ஏறக்குறைய 49 சென்டிமீட்டரில் முள் ஒன்றரைக்கும் கீழே இறங்கிற்று. கிளை தட்டினால் வளைந்து நிமிர அடியில் ஸ்பிரிங் வைத்தோம். கேபிள் உள்ளே நுழையுமுன் சற்றுக் கீழே தொங்கி மேலேறுமாறு அமைத்தோம். மழைநீர் அங்கேயே சொட்டிவிடும். பெட்டிக்குரிய மின்கம்பிகளைச் சாவி வழியே அன்றி நேரே பாட்டரியிலிருந்து, பாட்டரியின் அருகிலேயே பியூஸ் வைத்து எடுத்தோம்.

இரும்புக் கூரையுள்ள வண்டி வைத்திருப்போர்க்கு இத்துணைத் தொல்லையில்லை. கூரையின் நடுவே துளையிட்டுப் பொருத்துவதே மிகச் சிறந்தது. துளையிட மனம் வராதவர் பானட்டின் விளிம்பில் தாங்கி வைக்கலாம். அப்போது அலை வண்டியுடல் நீண்டிருக்கும் பக்கமே மிகுதியாகச் செல்லும். காந்த அடித்தளம் நகரச் சாலைக்கு எளிது. காட்டுப் பாதையில் ஒரு கிளையே அதைத் தள்ளிவிடும். அலுமினியத்திலோ ஃபைபரிலோ அது ஒட்டவும் ஒட்டாது. எவ்வகையாயினும், பேசும்போது கோலை எவரும் தொடலாகாது. மின்கம்பிகளின் கீழ்ச் செல்லும்போது கோலின் உயரம் நினைவிருக்க வேண்டும்.

2019 சனவரியில் ஒரு நாள் மாலை, அதே மூன்றாம் வளைவுக்குச் சென்று வண்டியை நிறுத்தினோம். அறுத்தெடுத்த அடிமரங்கள் சாலையோரம் அப்படியே கிடந்தன. பொத்தானை அழுத்தி நண்பரை அழைத்தோம். "ஐந்து ஒன்பது, சாமி; அடுத்த அறையில் இருந்து பேசுவது போல் கேட்கிறது" என்றார். மகிழ்ச்சியைவிட மிகுதியாக வேறொன்றே நெஞ்சில் எழுந்தது. அன்று செலவான உப்புத்தாளின் விலை சில ரூபாய். அதைப் புயலுக்கு முன்னரே நாம் செலவிட்டிருக்கலாம்.

அப்புயல் நாளில் பிறந்த சிறுமி இப்போது பள்ளிக்குச் செல்கிறாள். அவளுடைய பாட்டியார் நம்மை வழியில் கண்டால், நலம் விசாரிக்குமுன் ஜீப்பின் கூரையை ஒருமுறை நோக்குவார். ஒன்றும் சொல்லார். நாமும் மாதந்தோறும் முதற் சனிக்கிழமை அக்கோலைக் கழற்றி, அடியில் துரு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி இறுக்குகிறோம்.