மாமியின் களைப்பு

ஈரலில் இருந்த நோய்க்கு மருந்து எடுக்கப்போய், கழுத்திலுள்ள சுரப்பி பழுதான கதை இது. என் வாப்பாவின் மூத்த சகோதரிக்கு நடந்தது. நாலு பேருக்குப் பயன்படட்டும், எழுது என்று சொன்னவரும் அவர்தான்.

1987 இல் பிள்ளைப்பேற்றின்போது மாமிக்குக் குருதி ஏற்ற நேர்ந்தது. அன்று குருதியில் ஹெப்பட்டைட்டிஸ் சி வைரஸைத் தேடிப் பார்க்க வழியே இல்லை. அது கண்டறியப்பட்டதே 1989 இல்தான். 1990 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, மாமி புத்தளத்துக்குப் போனார். தன் உடலில் அப்படியொன்று இருப்பது அவருக்குத் தெரியாது. இருபது வருடங்களுக்குப் பின்னர், வேறொரு தேவைக்காகச் செய்த பரிசோதனையில்தான் அது பிடிபட்டது.

அக்காலத்து மருந்து இன்டர்பெரோன். வாரத்துக்கு ஒரு ஊசி, நாளாந்தம் ரிபாவிரின் குளிசைகள். மாமிக்கு 48 வாரங்கள் என்றார்கள். ஊசி போட்ட இரவுகளில் காய்ச்சலும் உடம்பு உளைவும் வரும். அது எதிர்பார்த்ததுதான். நாலாம் மாதத்துக்குப் பிறகோ களைப்பு விட்டு நீங்கவேயில்லை. முடி கொட்டியது. புழுக்கத்திலும் குளிர்ந்தது. கலகலப்பான மனுசி கதைப்பதையே குறைத்துக்கொண்டார். “மருந்துக் களைப்பு, முடிய சரிவரும்” என்றார்கள் உறவினர்கள். “வேலைக்குக் கள்ளம்” என்று முதுகுக்குப் பின்னால் சொன்னவர்களும் உண்டு. மாமி ஊசியையே விட்டுவிட முடிவெடுத்தார்.

அவர் சொன்னதை முழுதாகக் கேட்ட வைத்தியர், டி.எஸ்.எச். என்ற குருதிப் பரிசோதனைக்கு எழுதினார். தைரொயிட் சுரப்பி சோர்ந்தால், மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பி “இன்னும் சுர” என்று அதை விரட்டும். அந்த விரட்டலின் அளவே டி.எஸ்.எச். மாமிக்கு அது பலமடங்கு ஏறியிருந்தது. வைரஸை எதிர்க்க இன்டர்பெரோன் உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிறது. தூண்டப்பட்ட அந்தச் சக்தி சிலரில் தைரொயிட்டையும் எதிரியாக எண்ணித் தாக்கிவிடும். பெண்களுக்கே இது கூடுதலாக வரும். மருந்தின் களைப்பும் தைரொயிட் களைப்பும் ஒன்றுபோலவே இருப்பதால், பரிசோதிக்காமல் பிரித்தறிய முடியாது.

தைரொக்சின் குளிசை தொடங்கிச் சில வாரங்களில் மாமி தேறினார். ஊசியை நிறுத்தாமல் 48 வாரங்களையும் முடித்தார். அல்ஹம்துலில்லாஹ், வைரஸ் போய்விட்டது. தைரொயிட் மட்டும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இப்போது சோனகத் தெருவில் எங்களோடு இருக்கிறார். காலையில் வெறும் வயிற்றில் குளிசை. அரை மணித்தியாலம் கழித்தே தேநீர். நோன்பு காலத்தில், வைத்தியரின் ஆலோசனைப்படி, சாப்பிட்டு மூன்று நான்கு மணித்தியாலம் விட்டுப் படுக்கைக்குப் போகும்போது எடுப்பார்.

இன்று ஹெப்பட்டைட்டிஸ் சி நோய்க்கு ஊசி தேவையில்லை. 2013 இன் பின் வந்த புதிய குளிசைகள் பெரும்பாலும் 12 வாரங்களில் 95 வீதத்துக்கும் அதிகமானோரைக் குணமாக்குகின்றன. தைரொயிட்டை இப்படித் தாக்குவதுமில்லை. ஆனால் அந்த ஊசியைக் கண்ணால் காணாத பெண்களுக்கும் தைரொயிட் நோய் வருகிறது. ஆண்களைவிடப் பலமடங்கு வருகிறது.

“நோவைவிட, நான் சொன்னதை ஒருத்தரும் நம்பாததுதான் மகள் கஷ்டம்” என்று மாமி இன்றும் சொல்வார். தோழியரே, உங்கள் வீட்டில் உம்மாவோ ராத்தாவோ மாதக்கணக்கில் “ஏலாது” என்று சொன்னால், முடி கொட்டினால், காரணமின்றி உடம்பு பெருத்தால், மாதவிடாய் ஒழுங்கு மாறினால், வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். டி.எஸ்.எச். பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். பெற்றோரே, படிக்க முடியாமல் சோர்ந்திருக்கும் மகளைச் சோம்பேறி என்று ஏசும் முன், அவளுக்கும் அதைச் செய்யுங்கள்.